எங்க கலருக்கு எது எடுக்கும்?

“உங்க பொண்ணு கலருக்கு இது எடுக்காதும்மா. வேற காட்டட்டா?”

மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடை, மூன்றாவது மாடி, பட்டுச் சேலைப் பிரிவு. என் அக்கா மகளுக்குக் கல்யாணச் சேலை எடுக்கப் போயிருந்தோம். அரக்குக் கரை போட்ட மாம்பழ மஞ்சள் சேலை ஒன்றை எடுத்து அவள் மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குத்தான் இந்தப் பதில். சொன்னவள் முதலாளி வீட்டுக்காரி இல்லை. காலையிலிருந்து நின்ற காலோடு சேலையை விரித்து விரித்துப் போடுகிற ஒரு பிள்ளை. (கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தினார்கள். அந்த மாடியில் ஒரு ஸ்டூல்கூட என் கண்ணில் படவில்லை.) அந்தப் பிள்ளையும் எங்களைப் போலக் கருப்புதான். எங்களைவிட ஒரு பிடி கூடுதலாகவே இருப்பாள். கெட்ட எண்ணத்தில் அவள் சொல்லவில்லை. அவ்வளவு ரூபாய் போட்டுச் சேலை வாங்கிக்கொண்டு போய், நாலு பேரிடம் பேச்சுக் கேட்கக் கூடாதே என்ற அக்கறையில்தான் சொன்னாள். அந்த அக்கறைதான் என்னைப் போட்டு அறுத்தது.

தோழர்களே, இந்த ‘எடுக்காது’ பற்றித்தான் எழுதப் போகிறேன். கூலி, பஞ்சமி நிலம், ஆணவக்கொலை என்று எழுத எவ்வளவோ கிடக்கையில் சேலைக் கலரைப் பற்றியா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஒரு தோழர் ஏற்கெனவே சுளித்துவிட்டார். அவர் கல்யாணத்துக்குப் பெண் பார்த்த காலத்தில், ‘பொண்ணு கலரா இருக்குமா?’ என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. எனக்கு எப்படித் தெரியும் என்றால், கேட்டது என்னிடம்தான்.

எங்கம்மா ராமநாதபுரம் மாவட்டத்தில் மிளகாய்த் தோட்டத்திலும் வயலிலும் கூலி வேலை பார்த்தது. 1973 வாக்கில், நான் ஒண்ணாங்கிளாஸ் படிக்கையில், மிளகாய் பறிச்ச கூலியைச் சேர்த்துவைத்துப் பரமக்குடிச் சந்தையில் ஒரு மஞ்சள் வாயில் சேலை வாங்குச்சு. தானாகக் கலர் பார்த்து வாங்கின முதல் சேலை அது. அதற்கு முன்னால் கட்டினதெல்லாம் பொங்கலுக்குப் பொங்கல் சம்சாரி வீட்டில் தூக்கிப் போடுகிற கரும்பச்சையும் அரக்கும்தான். அழுக்குத் தெரியாத கலர். பத்துப் பேருக்கு ஒரே கலர்.

அந்த மஞ்சச் சேலையை அம்மா ஒரே ஒரு நாள்தான் கட்டுச்சு. பிறகு அது என் தம்பிக்குத் தொட்டிலாகத் தொங்குச்சு. ‘ஏம்மா கட்டல?’ என்று கேட்டால், ‘எனக்கு எடுக்கலடி’ என்று சொல்லும். அவ்வளவுதான் பேச்சு. அம்மா செத்து, காரியம் முடிந்த அன்றைக்குத்தான் என் அத்தை வாயைத் திறந்தாள். அந்தச் சேலையோடு கூலி வாங்க ஊருக்குள் போன அம்மாவைப் பார்த்துத் திண்ணையில் இருந்த சம்சாரி வீட்டுக்காரி, ‘என்னடி இது, காக்காய்க்கு மஞ்சக் குளிப்பாட்டுன மாதிரி’ என்று சொல்லியிருக்கிறாள். சுற்றி நின்றதெல்லாம் சிரித்திருக்கிறது. அம்மா அன்றைக்குக் கூலி வாங்காமலே திரும்பி வந்துச்சாம். மறுநாள் பழைய அரக்குச் சேலையைச் சுத்திக்கொண்டு போய் வாங்குச்சாம்.

இத்தனை வருஷத்தில் அம்மா எங்களிடம் ஒரு தடவைகூட ‘அவ சொன்னா’ என்று சொன்னதில்லை. ‘எனக்கு எடுக்கல’ என்றுதான் சொன்னது. அடுத்தவள் போட்ட தடை, தன்னுடைய ரசனையாக மாறிப்போச்சு. அதே ரசனையைத்தான் எங்களுக்கும் பால் மாதிரி ஊட்டி வளர்த்தது. அக்காவும் நானும் இன்று வரைக்கும் மஞ்சள் கட்டினதில்லை. ஏன் என்று நாங்கள் யோசித்ததும் இல்லை.

இந்த வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். எடுப்பு என்றால் என்ன? கூட்டத்தில் தனியாகத் தெரிவது, கண்ணுக்கு நிற்பது. அப்படியானால் எடுக்காது என்றால் மங்கிப்போகும், தெரியாமல் போகும் என்று பொருள். கருத்த உடம்பில் மஞ்சள் மங்குமா? அரை மைல் தள்ளி வரப்பில் நடந்தாலும் தெரியும். அப்படித் தெரிவதுதான் அவர்களுக்கு ஆகாதது. ‘எடுக்காது’ என்று சொல்கிறவர்கள் மனசுக்குள் சொல்வது ‘ரொம்ப எடுக்குது’ என்பதைத்தான். அதனால்தான் அடுத்த மூச்சில் ‘அடிக்குது’, ‘கண்ணை உறுத்துது’ என்கிறார்கள். யார் கண்ணை?

நாங்கள் எதைக் கட்டினால்தான் இவர்களுக்குப் பொருந்தும்? வெள்ளை, சந்தனம், இளநீலம் கட்டினால் ‘கருப்பைத் தூக்கிக் காட்டுது’. கருநீலம், கருப்பு கட்டினால் ‘இருட்டோட இருட்டாப் போச்சு’. கிளிப்பச்சை, ராணிப் பிங்க் கட்டினால் ‘பட்டிக்காட்டுக் கலர்’, ‘லோக்கல் கலர்’, அதையும் தாண்டி ‘சேரிக் கலர்’. ஆம்பளைகள் பளிச்சென்று சட்டை போட்டால் ‘ராமராஜன் சட்டை’ என்று ஒரு கேலி. அந்தப் பச்சைச் சட்டையையே வெளுத்த தோல்காரன் போட்டு விளம்பரத்தில் நின்றால் அதற்கு வேறு பெயர், வேறு விலை. எல்லாக் கதவையும் சாத்தியபின் மிச்சம் இருப்பது அரக்கும் கரும்பச்சையும். சம்சாரி வீட்டில் தூக்கிப் போட்ட அதே இரண்டு கலர்.

அன்றைக்கு மதுரையில் எதுவும் வாங்காமல் திரும்பினோம். பேருந்தில் வரும்போது அக்கா மகள் சொன்னாள், “சின்னம்மா, கடைக்காரங்க சொல்றதை விடு. இதை முறையாப் பாத்துச் சொல்றவங்க சென்னையில இருக்காங்க. அறிவியல்பூர்வமா.” அவள் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். நாலாயிரம் ரூபாய் கட்டி நாள் வாங்கியிருந்தாள். நானும் கூடப் போனேன்.

குளிரூட்டிய சின்ன அறை. முகத்தில் ஒரு பூச்சும் இருக்கக் கூடாது. தலைமுடியை வெள்ளைத் துணியால் மூடிக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்தார்கள். கழுத்துக்குக் கீழே கலர் கலராகத் துண்டுத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதும் எடுப்பதுமாக ஒன்றரை மணி நேரம். இதற்கு ‘பெர்சனல் கலர் அனாலிசிஸ்’ என்று பெயர். மேலே தெரிகிற நிறம் வேறு, அதற்கு அடியில் ‘அண்டர்டோன்’ என்று இன்னொரு நிறம் இருக்கிறது, அது சூடா குளிர்ச்சியா என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றார் அந்த அம்மா. கண்டுபிடிக்க இரண்டு சோதனை. மணிக்கட்டு நரம்பு நீலமாகத் தெரிந்தால் குளிர்ச்சி, பச்சையாகத் தெரிந்தால் சூடு. என் மகள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நரம்பு எந்தக் கலரிலும் தெரியவில்லை. ‘உங்களுக்கு இந்த டெஸ்ட் ஒர்க் ஆகாது’ என்றார். யாருடைய கையை வைத்து உண்டாக்கின சோதனை என்பது அங்கேயே தெரிந்துபோச்சு.

இரண்டாவது சோதனை, தங்கம் பொருந்துகிறதா, வெள்ளி பொருந்துகிறதா என்று பார்ப்பது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு துணியையும் போட்டுவிட்டு அந்த அம்மா சொன்னது ஒரே வாக்கியம்தான். ‘இதுல முகம் பிரைட்டா இருக்கு பாருங்க’, ‘இதுல டல்லாயிடுச்சு’. ஏழெட்டுத் துணி போனபிறகு அந்த ‘பிரைட்’டும் கழன்று விழுந்தது. ‘இதுல ஃபேரா தெரியறீங்க.’ முறை, சோதனை, அடி நிறம், மேல் நிறம் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த அளவுகோல் அதுதான். எந்தத் துணியைப் போட்டால் இந்தப் பிள்ளை கொஞ்சம் வெளுப்பாகத் தெரிவாள்? அது நல்ல கலர். எதில் கருப்புக் கூடுகிறது? அது ஆகாத கலர்.

முடிவு: ‘டீப் வின்டர்’. ஆழ்ந்த குளிர்காலமாம் இவள். எங்க ஊரில் இருக்கிறது இரண்டே பருவம், வெயில், கடும் வெயில். மாம்பழ மஞ்சள் கூடவே கூடாது. மஞ்சள்தான் வேண்டுமென்றால் எலுமிச்சை மஞ்சள் பரவாயில்லை என்று ஒரு அட்டையைக் கொடுத்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். என் மகள் அங்கே சந்தோஷமாக இருந்தாள். ஒருத்தி உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் இவள் முகத்தையே கவனித்துப் பார்க்கிறாள். எங்க வீட்டுப் பொம்பளைகளை அப்படி யார் பார்த்திருக்கிறார்கள்? வாடாமல்லிக் கலர் துணியைப் போட்டபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, அவ்வளவு அழகு. துணிக்கும் தோலுக்கும் உறவே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. உறவு இருக்கிறது. அதை வைத்து யார், எதற்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

அந்த உறவைக் கண்டு எழுதியவர் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியல்காரர். பாரீசில் கோப்லேன் திரைச்சீலைத் தறிக்கூடத்தில் 1824 முதல் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளர். கருப்பு நூல் மங்கலாக இருக்கிறது, சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கருப்பின் தோற்றத்தை மாற்றியிருந்தன. ஒரு நிறத்தைப் பக்கத்து நிறம் மாற்றிக் காட்டும் என்பதை 1839இல் பெரிய புத்தகமாகப் போட்டார். எந்தத் தோலுக்கு என்ன துணி என்றும் அதில் எழுதினார். கருத்த தோலையும் செம்பு நிறத் தோலையும்கூட அவர் விடவில்லை. வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே சாம்பல் நிறத் துணியில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைக் கருப்புத் துணிமேலும் ஒன்றை வெள்ளைத் துணிமேலும் வையுங்கள். கருப்பின்மேல் வைத்தது வெளிறியிருக்கும், வெள்ளையின்மேல் வைத்தது கருத்திருக்கும்.

ஆகவே கருத்த முகத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வந்தால் முகம் இன்னும் கருப்பாகத் தெரியும். சத்தியமான உண்மை. விஞ்ஞானம் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. ‘அதனால் வெள்ளை உனக்கு ஆகாது’ என்பது விஞ்ஞானம் இல்லை, அது சம்சாரி வீட்டுத் திண்ணை. இன்னும் கருப்பாகத் தெரிந்தால் என்ன கெட்டுப்போச்சு? அதே வெள்ளை அந்தத் தோல்மேல் எவ்வளவு வெள்ளையாக நிற்கிறது என்று ஏன் யாரும் அளப்பதில்லை? செவ்ரல் விதி இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. வெளுத்த தோலில் வழிந்து காணாமல் போகிற இளமஞ்சள், எங்க தோலில் விளக்கு வைத்த மாதிரி நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. ‘இந்தக் கலர் போட்டா முகம் மஞ்சளடிக்குது, பச்சையடிக்குது’ என்பார்கள். துணியில் பட்ட வெளிச்சம் தாடைக்கடியில் தெறிப்பதால் வருவது அது. வெளுத்த தோல் வருகிற வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும், ஆகவே துணியின் சாயல் அதில் நன்றாகப் படியும். கருத்த தோல் பெரும்பகுதியை உள்ளே வாங்கிக்கொள்ளும், சாயல் குறைவாகவே தெரியும். அப்படிப் பார்த்தால் கலருக்குப் பயப்பட வேண்டியது யார்? அவர்களுடைய சங்கடத்தை நம் தலையில் கட்டிவிட்டார்கள்.

செவ்ரலுக்குப் பிறகு கதை ஓவியர்கள் கைக்குப் போகிறது. ஜெர்மனியில் பௌஹவுஸ் பள்ளியில் பாடம் நடத்திய யோஹான்னஸ் இட்டன், ஒவ்வொரு மாணவரும் தன்னியல்பாகத் தேர்ந்துகொள்ளும் நிறங்களைப் பற்றி 1961இல் வந்த தன் நூலில் எழுதினார். கலிபோர்னியாவில் சூசன் கேகில் என்ற பெண்மணி மனிதர்களுக்குப் பருவங்களின் பெயர் வைத்தார். 1980இல் அமெரிக்காவில் கரோல் ஜாக்சன் எழுதிய ‘கலர் மீ பியூட்டிஃபுல்’ வந்து வீட்டுக்கு வீடு பரவியது. வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று நாலு பெட்டி. வெள்ளைக்காரப் பெண்களுக்கு அவரவர் முடி, கண், தோல் பார்த்து நாலிலும் இடம் உண்டு. ஆப்பிரிக்க வம்சாவளியினரில், ஆசியர்களில் பெரும்பாலோருக்கு ஒரே பெட்டி, ‘வின்டர்’. அங்கே கருப்பினப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. ஜீன் பேட்டன் 1991இல் கருப்பினப் பெண்களுக்கென்றே தனியாக ஒரு நிற வழிகாட்டி நூலைக் கொண்டுவந்தார். இப்போது நாலு பெட்டி பன்னிரண்டாக, பதினாறாகப் பெருகி, தென்கொரியாவில் பெரிய வியாபாரமாகி, அங்கிருந்து சென்னைக்கும் வந்துவிட்டது. என் மகள் போய் விழுந்தது அதே குளிர்காலப் பெட்டியில்தான், முன்னால் ‘டீப்’ என்று ஒரு அடைமொழியோடு.

போட்டோவும் இப்படித்தான். பத்தாங்கிளாஸ் பரீட்சைக்குப் போட்டோ எடுக்கப் போனபோது ஸ்டூடியோக்காரர் என் முகத்தில் பவுடரை அப்பிவிட்டு, ‘வெள்ளைச் சட்டை வேணாம், மூஞ்சி விழாது’ என்றார். என் மூஞ்சிதான் குறை என்று நம்பினேன். குறை ஃபிலிமில் இருந்தது. கோடாக் கம்பெனி வண்ணப் படங்களைச் சரிபார்க்க ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பின அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தாள். ‘ஷெர்லி கார்டு’ என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் படம் சரி. கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ரோத் 2009இல் இதை எழுதினார். கரும்பழுப்பு நிறங்கள் சரியாக விழவில்லை என்று கம்பெனி காதில் ஏறும்படி புகார் செய்தவர்கள் யார் தெரியுமா? சாக்லேட் செய்கிறவர்களும் மரச்சாமான் விற்கிறவர்களும். மேசை நாற்காலிக்கு இருந்த மரியாதை மனுசத் தோலுக்கு இல்லை.

இப்போது அந்தத் தங்கம், வெள்ளிச் சோதனைக்கு வருகிறேன்.

1930 டிசம்பரில் எங்க ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்களுக்குக் கள்ளர்கள் எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 சென்சஸ் கமிஷனராக இருந்த ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். முதல் தடையே, ஆதிதிராவிடர் தங்கநகை, வெள்ளிநகை போடக் கூடாது. ஆக எங்க பாட்டிக்கு அந்தச் சோதனையை நடத்தியிருக்கவே முடியாது. தங்கமும் பொருந்தாது, வெள்ளியும் பொருந்தாது. மற்றவை: ஆம்பளை இடுப்புக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பொம்பளைகள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மூடக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. ஆம்பளைகள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. ஹட்டன் இங்கிலீஷில் குங்குமப்பூக் குழம்பு என்று எழுதியிருக்கிறார். எங்க ஊர்ப் பொம்பளைகள் எந்தக் காலத்தில் குங்குமப்பூ பூசினார்கள்? வெள்ளைக்காரத் துரைமார் மெட்ராஸ் பக்கம் மஞ்சளைத்தான் அப்படிச் சொல்வார்கள். மீறினவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடுமாடு கொள்ளைபோனது. 1931 ஜூனில் எட்டு பதினொன்றாகக் கூடியது.

1973இல் அந்தச் சம்சாரி வீட்டுக்காரி குடிசையைக் கொளுத்தவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. ‘காக்காய்க்கு மஞ்சக் குளிப்பாட்டுன மாதிரி’ என்ற ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. தடைக்கு எதிராகப் போராடலாம், வழக்குப் போடலாம், கமிஷன் வைக்கலாம். ‘உனக்கு எடுக்கல’ என்பதற்கு எந்தக் கோர்ட்டில் வழக்குப் போடுவது? சண்டாளனுக்குச் செத்தவன் துணிதான் என்று மனு பத்தாவது அத்தியாயத்தில் சொன்னதை இன்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அழகியல் என்ற பெயரில் சொல்கிறார்கள்.

அண்ணல் இதை நமக்கு முன்னாலேயே பிடித்துவிட்டார். 1927 டிசம்பரில் மகாத்தில் பெண்களிடம் பேசியபோது, நீங்கள் சேலை கட்டுகிற விதமும் போட்டிருக்கிற நகையும்தான் உங்களைத் தீண்டப்படாதவர் என்று காட்டிக்கொடுக்கிறது, அதை மாற்றுங்கள் என்று சொன்னார். துணி சின்ன விஷயம் என்று அவர் நினைக்கவில்லை. அவருடைய கோட்டும் டையும் சின்ன விஷயம் இல்லை என்பதை, அவர் சிலைக்குக் கம்பிக்கூண்டு போடுகிற நாட்டில் நான் விளக்க வேண்டியதில்லை. சிலையில் அந்தக் கோட்டுக்கு அடிக்கிற நீலத்தைப் பார்த்து, ‘இவ்ளோ அடிக்கிற நீலமா?’ என்று ஒரு பேராசிரியர் என்னிடம் கேட்டிருக்கிறார். அவருக்கும் கண்ணை உறுத்தியிருக்கிறது.

இது எதுவும் பழங்கதை இல்லை. தர்மபுரியில் நத்தம் காலனி எரிந்த 2012இல் ஒரு கட்சித் தலைவர், தலித் பையன்கள் ஜீன்ஸும் டீ-ஷர்ட்டும் கூலிங்கிளாஸும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசித் திரிந்தார். எரிச்சலின் அடி எங்கே இருக்கிறது பாருங்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கையில் சாதிக்கொரு கலர் கயிறு. நாங்குநேரியில் 2023இல் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினபிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, கயிறு கட்டக் கூடாது என்று 2024 ஜூனில் பரிந்துரை கொடுத்தது. எந்தக் கலர் யாருக்குப் பொருந்தும் என்று இந்த நாட்டில் ஆறாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். அதற்கு நாலாயிரம் ரூபாய் வேண்டாம்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். அவன் சொன்னான், இவன் சொன்னான் என்று எத்தனை நாளைக்கு எழுதிக்கொண்டிருப்பது? மஞ்சள் கட்டாதே என்று என் அக்கா மகளிடம் முதலில் சொன்னது கடைக்காரப் பிள்ளை இல்லை. என் அக்கா. பிள்ளை பிறந்ததும் காது மடலைத் திருப்பி நிறம் பார்க்கிறது யார்? நம்ம பாட்டிமார்தான். கல்யாணத் தரகரிடம் ‘மாநிறம்’, ‘புதுநிறம்’, ‘எலுமிச்சம்பழ நிறம்’ என்று வகைவகையாகச் சொல்ல நமக்கும் தெரியும். 1975இல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’யை என் அண்ணன் வெளியூரிலிருந்து எனக்கு வாங்கிக்கொண்டு வந்தான், ஆசை ஆசையாக. 2020இல் கம்பெனிக்காரன் வெட்கப்பட்டு ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘குளோ’ என்று வைத்தான். நம் தெருவில் அந்த வெட்கம் இன்னும் வரவில்லை.

‘கருப்புப் பார்ப்பானையும் சிவப்புப் பறையனையும் நம்பாதே’ என்று ஒரு பழமொழியை ஊரில் கூசாமல் சொல்வார்கள். அதன் அர்த்தம் என்ன? தோலைப் பார்த்தால் சாதி தெரிய வேண்டும், தெரியாவிட்டால் ஏதோ கோளாறு என்பது. பஞ்சாபுப் பிராமணனும் பஞ்சாபுச் சமாரும் ஒரே வழி, சென்னைப் பிராமணனும் சென்னைப் பறையனும் ஒரே வழி என்று அம்பேத்கர் 1936இலேயே ‘சாதியை ஒழிக்க’ நூலில் எழுதிவிட்டார். சாதி தோலில் இல்லை. ஆனாலும் நம்மில் வெளுப்பாகப் பிறந்த பிள்ளையிடம் ‘பாத்தா தெரியலையே’ என்று அவர்கள் சொல்லும்போது, அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீட்டில் வந்து சொல்கிற பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு எதிராக நம் ஆம்பளைக் கவிஞர்கள் கண்டுபிடித்த மருந்து ‘கருப்பே அழகு’. மேடையில் கருப்பு மண், கருப்புப் பெண், கருவாச்சி. கைதட்டல். கல்யாணப் பத்திரிகை வந்தால் பொண்ணு சிவப்பு. நமக்குப் புகழ்ச்சி வேண்டாம். கருப்பு அழகு என்றோ அழகில்லை என்றோ யாரும் தீர்ப்பு எழுத வேண்டாம். காலையில் எழுந்து பீரோவைத் திறந்தால் மனசுக்குத் தோன்றுகிற கலரை எடுத்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. சிவப்புத் தோல்காரிகள் தினமும் அப்படித்தான் இறங்குகிறார்கள். அவர்களுக்கு யாரும் கவிதை எழுதி அனுமதி கொடுக்கவில்லை.

சேலை கதைக்கு வருகிறேன். வேறொரு கடையில் அதே மாம்பழ மஞ்சளை, அரக்குக் கரையோடு, தேடி வாங்கினோம். என் அக்கா இரண்டு நாள் பேசவில்லை. மாப்பிள்ளை வீட்டில் யாரோ ‘வேற கலர் எடுத்திருக்கலாம்’ என்றார்கள். ‘எனக்குப் பிடிச்சுது அத்தை’ என்று அவளே சொல்லிவிட்டாள். அம்மாவின் மஞ்சச் சேலை கதையை முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரிதான் நான் அவளுக்குச் சொன்னேன். முன்னாலேயே சொல்லியிருந்தால் எனக்காகக் கட்டினது மாதிரி ஆகிவிடும் என்று பயம்.

போன மாதம் கல்யாண ஆல்பம் வந்தது. போட்டோக்காரர் யாரும் கேட்காமலே எல்லா முகத்தையும் கம்ப்யூட்டரில் வெளுத்து வைத்திருக்கிறார். பொண்ணு யார் வீட்டுப் பிள்ளை என்றே தெரியவில்லை. முகத்தை வெளுத்த வெளுப்பில் சேலையும் சேர்ந்து வெளுத்து, மாம்பழ மஞ்சள் எலுமிச்சை மஞ்சளாகிவிட்டது. சென்னையில் கொடுத்த அட்டையில் இருந்த அதே கலர். அவள் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போய், ‘அண்ணே, என் மூஞ்சியக் குடுங்க, என் சேலையக் குடுங்க, அப்புறம் மிச்சக் காசு தர்றேன்’ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவர், ‘எல்லாரும் இப்படித்தாம்மா கேப்பாங்க, நீங்கதான் முதல் ஆள்’ என்றாராம். திருத்தின ஆல்பம் இன்னும் வரவில்லை. முன்பணம் பதினைந்தாயிரம் அவரிடம்தான் கிடக்கிறது.